படிக்காமல் விட்ட பத்தி

போன வாரம் துறையிலிருந்து ஃபோன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு கட்டுரைப் பரிசைப் பார்த்துக்கொள்கிற கவிதாதான் பேசினாள். "மேடம், இந்த வருஷத்திலேருந்து கட்டுரைங்களை ஆன்லைன்லயே வாங்கிடறோம். நடுவர்களும் வீட்லேருந்தே மார்க் போட்டுடுவாங்க. அந்தந்த ஊருக்குப் போய்ப் படிச்சுக் காட்டற வழக்கத்தை மட்டும் எடுத்துடலாம்னு கூட்டத்துல பேச்சு. வண்டிச் செலவு, ஆள் கிடைக்கறதில்லை, எல்லாம் இம்சையா இருக்கு. அதைப் பத்தி நம்ம துறை ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்களேன்" என்றாள்.

அதாவது வழக்கத்தை இவர்கள் முடித்துவிடுவார்கள், நான் இரங்கல் எழுத வேண்டும். நல்லா இருக்குதே கதை!

ஒரு பக்கத்தில் முடியாது என்றேன். பரவாயில்லை மேடம், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள் என்றாள். அவள் நல்ல பெண்தான், கோபம் அவள்மேல் இல்லை. ஆனால் ஃபோனை வைத்த நேரத்திலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். துவைத்த துணியையே மறுபடி எடுத்து ஊற வைத்தேன். நான் உட்கார்ந்து யோசிக்கிற ரகமே கிடையாது. வகுப்பில்கூட நடந்துகொண்டேதான் பாடம் எடுப்பேன். முதல் வரிசைப் பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும் என்று புகார் போயிருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது உளவியல் மானிடவியலில் மாணவர்கள் எழுதும் கட்டுரைக்கான பரிசு. பேரைக் கேட்டாலே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். விஷயம் அவ்வளவு பெரிய பூதம் ஒன்றும் இல்லை. ஓர் ஊரில் மனிதர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், கோபத்தை எங்கே காட்டுகிறார்கள், எங்கே விழுங்குகிறார்கள், துக்கத்தை எந்தப் பானையில் போட்டு மூடுகிறார்கள் என்பதை அங்கேயே போய்க் கிடந்து, பார்த்து, எழுத வேண்டும். பரிசுத் தொகை பெரிதில்லை. ஆனால் அந்தப் பரிசை வாங்கினவனுக்கு மேற்கொண்டு ஆராய்ச்சிக்கு இடம் கிடைப்பது சுலபம். அதனால் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து எழுதுவார்கள்.

நான் பொன்னேரிக்காரி. நைனா அரிசி மில்லில் வேலை பார்த்தார். மெட்ராசுக்கு ரயிலில் போய் வந்து படித்தேன், படித்த துறையிலேயே வேலையும் கிடைத்தது. என்னைப் பரிசுக் குழுவில் சேர்த்ததற்கு என் அறிவு காரணம் இல்லை. குரல்தான் காரணம். துறைத் தலைவர் குலசேகரன் சார் நேர்முகத் தேர்விலேயே, "உங்க குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும்" என்று மட்டும்தான் சொன்னார். பாராட்டா கிண்டலா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

சார் எனக்கு நேர் எதிர். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். கட்டுரைக் கட்டு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைப்பார். கவிழ்த்து வைத்தால் அறைக்குள் யாரும் போகக் கூடாது, ஃபோன் வந்தாலும் சொல்லக் கூடாது. பேனாவைத் தொட மாட்டார், பென்சில்தான். "நம்ம அபிப்பிராயம் அழியற மாதிரி இருக்கணும்" என்பார். ஒரு கட்டுரையை நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. படித்து முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதை யார் முன்னாடி படிக்கணும்?"

அந்தக் கேள்விக்கு ஒரு நடைமுறை உண்டு. பரிசு முடிவாகும் முன்னால், கட்டுரை யாரைப் பற்றியதோ அவர்கள் ஊருக்கே போக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினதை அவர்கள் பேசுகிற பேச்சில் சொல்லி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்ட வேண்டும். எழுதின மாணவன் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை அவன் தன் கையாலேயே கடைசித் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளுக்கு ஊர்ப் பக்கம் என்று பேர். தப்பு என்று ஊர் சொன்னால் கட்டுரை தள்ளுபடி ஆகாது. அந்தத் தப்பையும் சேர்த்து அச்சுப் போடுவோம். ஆனால் படிக்கிறபோது ஒரு வரியை விட்டாலும் பரிசு கிடையாது. இதில் சார் எமன்.

படிக்கிற வேலை என்னுடையது. ஊர் ஊராகப் போயிருக்கிறேன். ஒரு தடவை பழவேற்காட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அங்கே டச்சுக் கல்லறை வாசலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். ஒரு மாணவி அதை வைத்து அந்தத் தெருப் பிள்ளைகளின் மரண பயத்தைப் பற்றி எழுதியிருந்தாள். டச்சுக்காரன் விட்டுப் போன சாவு பிள்ளைகளின் கனவில் வருகிறது என்றெல்லாம் அழகழகாக எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுக்கு யார் டீச்சர் பயப்படுவாங்க, அது பாட்டுக்கு நிக்குது, நாங்க பயந்து ஓடறது பின்னாடி மரத்துல இருக்கற தேன்கூட்டுக்கு என்றார்கள். ஒருத்தி கொட்டு வாங்கின காதைக்கூடக் காட்டினாள். எழுதினவள் முகம் சுருங்கிப்போய் அதையெல்லாம் ஊர்ப் பக்கத்தில் எழுதினாள். அந்த வருஷம் அவளுக்குத்தான் பரிசு. அந்தத் தேன்கூட்டை மறைக்காமல் எழுதினாள் என்பதற்காகவே கொடுத்தார் சார்.

இதெல்லாம் சுலபமான கேஸ். இம்தியாஸ் கட்டுரைதான் எங்களை ஆட்டி வைத்தது.

இம்தியாஸ் பழவேற்காட்டுப் பிள்ளை. தலைமுறை தலைமுறையாக வியாபாரக் குடும்பம். அவன் அப்பா இறால் வாங்கி அனுப்புகிறவர். ஏரிக்கு அந்தாண்ட, கடலுக்கு இந்தாண்ட, மணல் திட்டில் இருக்கிற ஒரு குப்பத்துக்கு அப்பாவோடு படகில் போய் வந்தே வளர்ந்தவன். அந்தக் குப்பத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தான். ஊர்ப் பேரை நான் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பேரையும் மாற்றிவிட்டேன்.

ஏரியில் வலை போட எல்லா இடமும் ஒன்றில்லை. நீரோட்டம் சரியாக அமைகிற இடத்தில் இறால் கொட்டும், தள்ளிப் போனால் பாசிதான் வரும். அடித்துக்கொண்டு சாகாமல் இருக்க அங்கே ஒரு முறை உண்டு, அதற்குப் பாடு என்று பேர். வருஷத்துக்கு ஒரு தரம் கோயில் முன்னால் ஆண்கள் கூடுவார்கள். ஊர்த் தலைவர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அந்த ஆள் "உண்டு" என்பான். பிறகு சீட்டுப் போட்டு யாருக்கு எந்த முறை, எந்த இடம் என்று பிரித்துக்கொள்வார்கள். கல்யாணமான ஆம்பிளைக்குத்தான் பாடு. அவன் செத்தால் பேர் போய்விடும். பெண்சாதிக்குக் கிடையாது. இருக்கிற இடம் அவ்வளவுதான் என்பதால் ஒரு பேர் போனால்தான் புதுப் பேர் ஏறும்.

அந்த ஊரில் ஏழுமலை என்று ஒருத்தன். கடலுக்குப் போன படகு திரும்பி வருகிறபோது, ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் அலை கவிழ்த்துவிட்டது. கூடப் போன இரண்டு பேர் கரை சேர்ந்தார்கள். ஏழுமலை சேரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. கரையில் நின்றவர்கள் எங்கேடா அவன் என்று கேட்டதற்கு, வந்தவர்களில் ஒருத்தன், "பின்னாடி வரான்" என்று சொல்லிவிட்டான். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வான்? பெண்சாதி எதிரில் நிற்கிறாள்.

அந்த ஒரு சொல்லை ஊர் பிடித்துக்கொண்டது. பாடு பிரிக்கிற அடுத்த கூட்டத்தில் தலைவர் ஏழுமலை பேரைக் கூப்பிட்டார். யாரும் உண்டு என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் பார்த்துவிட்டு அவரே "வருவான்" என்று சொல்லி அவனுக்கும் சீட்டு எடுத்தார். அப்படியே வருஷா வருஷம். அவன் முறை வருகிறபோது யாராவது இளவட்டம் வலை போட்டு, வந்ததை அவன் பெண்சாதி தேசம்மா வீட்டில் இறக்கிவிட்டுப் போவான். தேசம்மாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வீட்டில் உலை கொதித்தது அந்தப் பாடு தந்ததில்தான். அவள் நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் இருந்தன. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். அந்த ஊர் தன் வாயைத் தானே மூடி வைத்திருந்தது.

சபையில் யாராவது ஒரே ஒருத்தர் "செத்துட்டான்" என்று சொன்னால் தீர்ந்தது. கருமாதி செய்தாக வேண்டும், பேரை எடுத்தாக வேண்டும், தேசம்மாவுக்குப் பாடு இல்லை. இதுதான் இம்தியாஸ் கட்டுரை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது என்பது பொய் இல்லை, ஓர் ஊரே சேர்ந்து சுமக்கிற வேலை என்று எழுதியிருந்தான். அந்த வயசில் எனக்கு அப்படி எழுத வந்திருக்காது. நடுவில் ஒரு பத்தியில், கூட இருந்தவன் சொன்னபடி, முகத்துவாரத்தில் நடந்ததை அப்படியே எழுதி, அவர் இறந்துவிட்டார் என்று முடித்திருந்தான். பேருக்குப் பதிலாக 'ஏ' என்று போட்டிருந்தான். யாருக்குத் தெரியாது அந்த 'ஏ' யார் என்று?

சார் கடிகாரத்தைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"சார், இதை அங்க படிச்சா ஏழுமலை செத்துடுவான்" என்றேன்.

"செத்துட்டார்னுதானே பையன் எழுதியிருக்கான்?"

"எழுதறது வேற, அந்தச் சபையில சொல்றது வேற. அதைத்தானே சார் பக்கம் பக்கமா எழுதியிருக்கான்!"

அறைக்குள் நான் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன், அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறார். அங்கே படிக்காமல் பரிசு கொடுத்துவிடலாம் என்றேன். அவங்க முகத்துக்கு நேரா படிக்க முடியாததை அவங்க முதுகுக்குப் பின்னாடி அச்சுப் போடலாமா என்று கேட்டார். அப்படியானால் பரிசே வேண்டாம் என்றேன். பையன் என்ன தப்புப் பண்ணினான் என்றார். எந்தப் பக்கம் போனாலும் மறித்தார் மனுஷன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, கோபத்தில். கடைசியில், "முதல்ல அந்தம்மாவைப் போய்க் கேளுங்க. வேணாம்னா விட்டுடலாம்" என்றார்.

இம்தியாஸோடு பழவேற்காட்டுக்குப் போனேன். தேசம்மா மார்க்கெட்டில் கருவாட்டுக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். வெயிலில் காய்ந்து, ஒடிந்து விழுகிற மாதிரி ஒல்லி. அவனைப் பார்த்ததும், வா தம்பி, அப்பா நல்லாகீறாரா என்று விசாரித்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மூடி மறைக்கவில்லை. உன் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு என்று அதில் எழுதியிருக்கிறது, ஊர் நடுவில் அதைப் படிக்க வேண்டியிருக்கும், நீ வேண்டாம் என்று சொன்னால் போதும், கிழித்துப் போட்டுவிடலாம் என்றேன்.

"அதுல எம் பேரு எழுதிக்கீதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அவரு பேரு?" இல்லை என்றேன். கூடைமேல் மொய்த்த ஈயை ஓட்டினாள்.

"படிச்சா பேர் போயிடும், பாடு போயிடும். தெரியுமில்ல?" என்று நான்தான் மறுபடி கேட்டேன்.

"எனக்குத் தெரியாதாம்மா? ஊர்ல வந்து படிங்க. ஊர் பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு யாருக்கோ வஞ்சிரக் கருவாடு நிறுக்கத் திரும்பிவிட்டாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திரும்புகிறபோது இம்தியாஸ், கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் மேடம் என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னான். அந்தம்மா கேக்கணும்னு சொல்றப்ப நீ யார்ரா வாங்கிக்கறதுக்கு என்று அவன்மேல் பாய்ந்தேன். பாவம், அவனுக்கு அது தேவையில்லாத ஏச்சு. எனக்கே என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

குறித்த நாளில் சாரும் நானும் இம்தியாஸ் வீட்டுப் படகில் ஏரியைத் தாண்டினோம். அவனேதான் இன்ஜினை ஓட்டினான். கோயில் முன்னால் பந்தல் நிழலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சபைக்குள் வருவதில்லை, வலை காயப்போட்ட கொம்புகளுக்கு அந்தாண்ட நின்றார்கள். அவர்களில் தேசம்மா இருக்கிறாளா என்று பார்த்தேன். இருந்தாள், இடுப்பில் கருவாட்டுக் கூடையோடு. சந்தைக்குக் கிளம்பினவள் மாதிரி நின்றாள்.

படிக்க ஆரம்பித்தேன். வழக்கம்போல நடந்துகொண்டேதான். மணலில் கால் புதைகிறது, அதோடு நடக்கிறேன். முதல் பாகம் பாடு முறையைப் பற்றியது. கூட்டம் நன்றாகத் தலையாட்டியது. சீட்டுப் போடும் வரிசையில் பையன் ஒன்றை மாற்றி எழுதியிருந்தான், அதைத் திருத்தினார்கள். இம்தியாஸ் குனிந்தபடி ஊர்ப் பக்கத்தில் எழுதிக்கொண்டான். பிறகு அந்த இடம் வந்தது. அலை கவிழ்த்தது வரை படித்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. நின்றுவிட்டேன். கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரல், தொண்டையிலேயே உட்கார்ந்துவிட்டது.

சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்த் தலைவர், முகத்தில் உப்புப் பூத்த ஒரு பெரிய மனுஷர், ஒரு மூச்சு விடுகிற நேரம் காத்திருந்தார். பிறகு சாதாரணமாக, "வருவான். மேல படிம்மா" என்றார்.

அடடா என்று இருந்தது எனக்கு. பையன் எழுதினதை அந்த ஊர் என் கண் முன்னால் செய்து காட்டிவிட்டது. அந்தப் பத்தியைத் தாண்டி அடுத்த தாளைப் புரட்டினேன். அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒருத்தன் எழுந்தான். தனசேகர். கல்யாணமாகியும் தன் பேர் ஏறாமல், ஓர் இடம் காலியாவதற்குக் காத்திருக்கிறவன். அன்றைக்குப் படகில் ஏழுமலையோடு இருந்து கரை சேர்ந்தவனும் அவன்தான். இம்தியாஸுக்கு நடந்ததைச் சொன்னவனும் அவன்தான்.

"தலைவரே, நடுவுல ஒரு எடத்த உட்டுட்டாங்க. அதுல இன்னா எழுதிக்கீதுனு படிக்கச் சொல்லுங்க" என்றான்.

கூட்டத்தில் முணுமுணுப்பு. ஒருத்தி சோற்றில் மண்ணைப் போடத்தானே இவன் அலைகிறான் என்று அவன்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது. சாரைப் பார்த்தேன். இந்த மனுஷன் இப்போது சட்டத்தைப் பேசினால் ஏரியில் தள்ளிவிடுவது என்று முடிவே பண்ணிவிட்டேன். சார் மெதுவாக எழுந்தார். ஒரு வரி விட்டாலும் பரிசு கிடையாது என்பது எங்கள் சட்டம், அது எங்களோடு இருக்கட்டும், இது உங்கள் சபை, நீங்கள் சொல்கிறபடி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பரிசு போயிற்று. இம்தியாஸ் தலையை நிமிர்த்தவே இல்லை.

தனசேகர் விடவில்லை. "பரிசு கெடக்கட்டும். எழுதினத படிக்கச் சொல்லுங்க" என்றான் மறுபடி.

தலைவர் அவன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "காயிதம் எதுக்குடா? படகுல நீதான இருந்த. சபையிலதான நிக்கற. நீயே சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். வலைக் கொம்புப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அப்போதுதான் அவன் முகத்தை நான் சரியாகப் பார்த்தேன். அது ஆசைப்பட்டவன் முகம் இல்லை. அன்றைக்குக் கரையில் சொன்ன ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன். அதைப் பையனிடம் சொன்னதும் அதனால்தான், என்னைப் படிக்கச் சொன்னதும் அதனால்தான். வேறு யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று பார்த்திருக்கிறான். எல்லோரும் காத்திருந்தார்கள். அவனுக்கு உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"பின்னாடி வரான்னுதான் சொன்னேன் அன்னிக்கு" என்றான். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வருவான்" என்று உட்கார்ந்தான்.

"மேல படிம்மா" என்றார் தலைவர். படித்து முடித்தேன். அதற்கப்புறம் ஒருத்தரும் ஒன்றும் திருத்தவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் துறையில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். சட்டத்தை மீறிப் பரிசு கொடுத்துவிட்டார்கள் என்று அப்போதே ஒரு புகைச்சல் இருந்தது. ஆமாம், இம்தியாஸுக்குத்தான் பரிசு கிடைத்தது. அவனே கேட்டுக்கொண்டபடி கட்டுரையை அச்சில் போடவில்லை. குழுக் கூட்டத்தில் ஒருத்தர், ஒரு பத்தியைப் படிக்காமல் விட்டீங்களாமே என்று என்னிடம் கேட்டார். ஒரு வரி விடாமல் படிச்சாச்சு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாரும் போட்டார். சபையில் விட்டதும் நிஜம்தான், ஒரு வரி விடாமல் படித்ததும் நிஜம்தான். எங்கே படித்தேன், யாருக்குப் படித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் இத்தனை காலம் சொல்லவில்லை.

இப்போது சொல்லலாம். தேசம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். பெண்கள் இரண்டு பேரும் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டுவிட்டார்கள். தேசம்மாவுக்குக் கருமாதி செய்த அன்றே ஊர் ஏழுமலைக்கும் சேர்த்துச் செய்தது என்று இம்தியாஸ்தான் சொன்னான். அடுத்த கூட்டத்தில் அந்தப் பேரைக் கூப்பிடவில்லையாம்.

கவிதா, நீங்கள் எடுத்துவிடுவதானால் எடுத்துவிடுங்கள், துறை உங்களுடையது. ஆனால் எதை எடுக்கிறீர்கள் என்று தெரிந்து எடுங்கள். அதற்காகத்தான் இவ்வளவும்.

அன்றைக்கு நாங்கள் கிளம்பினபோது தேசம்மாவும் கூடையோடு படகில் ஏறிக்கொண்டாள். சந்தைக்குப் போகணும், ஏத்திக்கினு போங்க என்றாள். படகில் நாங்கள் நாலு பேர்தான். அந்த ஊர் ஆள் வேறு யாரும் இல்லை. கரை மறைகிற வரைக்கும் அவள் ஊர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நடு ஏரியில், சுற்றி ஒரு படகும் இல்லாத இடத்தில், "நிறுத்து தம்பி" என்றாள். இம்தியாஸ் இன்ஜினை நிறுத்தினான். தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது.

"அங்க உட்டீங்களே, அந்த எடம். அத எனக்குப் படிங்க" என்றாள் என்னிடம். "ஊர்ல யாரும் எனக்கு அதச் சொன்னதில்லம்மா. சொல்ல மாட்டாங்க. நானும் கேக்க முடியாது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மார்க்கெட்டில் இவள் ஏன் சரி என்றாள், எதற்காகக் கூடையோடு கிளம்பி நின்றாள், எல்லாம். சாரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பலகைமேல் குப்புற வைத்தார்.

படகில் நடக்க இடமில்லை. அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் உட்கார்ந்து படித்தது அந்த ஒரு தடவைதான். அலை கவிழ்த்தது, அவர் படகுக்கு அடியில் சிக்கினது, இரண்டு பேரும் மூழ்கி மூழ்கித் தேடினது, ஒரு தடவை கை தட்டுப்பட்டது, நழுவிப் போனது, எல்லாவற்றையும் படித்தேன். 'ஏ' இறந்துவிட்டார் என்று முடித்தேன்.

அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"பேர வெச்சிப் படிம்மா" என்றாள்.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஏழுமலை படகுக்கு அடியில் சிக்கினார். ஏழுமலையின் கை ஒரு தடவை தட்டுப்பட்டது. ஏழுமலை இறந்துவிட்டார்.

அவள் கூடையைத் தள்ளிவிட்டுப் பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இம்தியாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நானும் அழுதேன். படகு தானாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

அழுது முடித்து அவளே நிமிர்ந்தாள். ஏரித் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். இடுப்பிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து, நெற்றியில் குங்குமத்தை வட்டமாக வைத்துக்கொண்டாள். சரியாக இருக்கிறதா என்று என்னிடம் முகத்தைக் காட்டினாள். இருக்கிறது என்றேன்.

"கெளப்பு தம்பி, சந்தைக்கு நேரமாவுது" என்றாள்.